வரத்துப்போக்கும் பன்னிரண்டு மாதமும்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தெற்கத்தித் தமிழில் ‘வரத்துப்போக்கு’ என்று ஒரு சொல் உண்டு. “அந்த வீட்டுக்கும் நமக்கும் வரத்துப்போக்கு உண்டா?” என்று ஒருவர் கேட்டால், அங்கே போய் எத்தனை நாள் தங்கினீர்கள் என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. நல்லது கெட்டதுக்குப் போய்வருகிறோமா, கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா, போனால் நடையில் நிறுத்தாமல் உள்ளே அழைப்பார்களா என்றுதான் கேட்கிறார். பத்து வருஷம் போகாமல் இருந்து ஒரு துக்கத்துக்குப் போய் நின்றாலும் வரத்துப்போக்கு விட்டுப்போகாத வீடுகள் உண்டு. அடுத்த தெருவிலேயே இருந்தும் வரத்துப்போக்கு அற்றுப்போன வீடுகளும் உண்டு. உறவைத் தமிழர் அளந்த அளவுகோல் இது. நாடுகளின் குடிவரவுச் சட்டங்கள் வேறொரு அளவுகோலைக் கையில் எடுத்தன. அது நாட்காட்டி. ஒரு நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்று, ஆனால் அந்நாட்டின் குடிமகனாக ஆகாமல் இருக்கும் ஒருவர், வெளியே போய் நெடுநாள் தங்கித் திரும்பும்போது வாசலில் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? எத்தனை நாள் போயிருந்தாய் என்று மட்டும் கேட்டால் போதுமா? ஏன் போனாய், ஏன் தங்கினாய், இங்கே எதை விட்டுவிட்டுப் போனாய் என்றும் கேட்க வேண்டுமா? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்வியை மட்டும் கேட்கும் சட்டம் பெரும் அநீதிக்கு வழிவிடும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தக் கடலின் மறுகரையிலேயே இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 150 கடல் மைல். இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது எல்லைக்கோடாக இருந்ததில்லை. தொழில் நடக்கும் பரப்பாக இருந்தது. மன்னார் வளைகுடாவில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, எங்கே கூடினாலும், அங்கே இரு கரையின் ஆட்களும் கூடினார்கள். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் சலாபம் அறிவிக்கப்பட்டால் இங்கிருந்து பரதவர்களும் கீழக்கரையிலிருந்து முஸ்லிம் முத்துக்குளியாளர்களும் படகேறிப் போனார்கள். தூத்துக்குடியின் முத்துச்சிப்பிப் பாரில் சலாபம் என்றால் அங்கிருந்து இங்கே வந்தார்கள். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு இதுவே கடல்வாசலாக இருந்தது. இங்கிருந்து ஓடிய கொழும்புக் கப்பலில் எவ்வளவு வருமானம் இருந்தது என்பதற்கு வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியே சாட்சி. ஆதாயமில்லாத வழியில் போட்டிக் கப்பல் விட யாரும் துணியமாட்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் பக்கத்துத் தட்டப்பாறையில் அந்தத் தொழிலாளர்களுக்கான இலங்கை அரசின் முகாம் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்த பிறகு பயணிகள் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. முகாமின் இடத்தை மண்டபம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் சரக்கோடு நம்முடைய தோணிகள் கொழும்புக்குப் போவதும் வருவதும் நிற்கவில்லை.

இந்தப் போக்குவரவுக்கு ஒரு வாழ்க்கைமுறை இருந்தது. கொழும்பில் கடை வைத்தவரின் குடும்பம் பெரும்பாலும் ஊரில் இருந்தது. கடை அங்கே, கல்யாணம் இங்கே. உழைப்பு அங்கே, கொடை விழாவும் கோயில் திருவிழாவும் இங்கே. மலைத்தோட்டத் தொழிலாளிக்கும் ஊர் என்பது முதலில் திருநெல்வேலியிலோ இராமநாதபுரத்திலோ திருச்சியிலோ இருந்தது. தலைமுறை கழியக் கழிய அது தோட்டத்து லயக் குடியிருப்புக்கு நகர்ந்தது. ஆனால் பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் குலதெய்வத்துக்கும் ஊருக்குப் போய்வருவது நிற்கவில்லை. இப்படிப்பட்டவர்களை எந்த ஊர்க்காரர் என்று சொல்வது? அவர்களைக் கேட்டால், இரண்டும் என் ஊர்தான் என்றிருப்பார்கள். பிரிட்டிஷ் பேரரசு அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டிருந்தது. ஏனென்றால் இரு கரையும் அதன் கையில் இருந்தன. கேள்வி எழுந்தது, இரு கரைக்கும் தனித்தனி வாசல் வைத்த பிறகுதான்.

வாசல் ஒரே நாளில் வைக்கப்படவில்லை. இலங்கை அரசுத் துறைகளில் வேலை செய்த இந்தியத் தினக்கூலிகள் நீக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1939 ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. அதாவது முதல் பூட்டு இந்தக் கரையில்தான் போடப்பட்டது. விடுதலைக்குப் பிறகு இலங்கை 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தையும் இயற்றியது. 1949 நவம்பரில் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இந்தியாவிலிருந்து போகிறவர் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டியவரானார். இவற்றுக்கிடையில் வந்ததுதான் நம்முடைய பேச்சின் நடுநாயகமான சட்டம்: 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமை பெறுவதற்கு அது ஒரு வழி வைத்தது. 1946 ஜனவரி 1-க்கு முன்னால் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பிக்கும் நாள் வரை இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். ‘இடைவிடாமல்’ என்பதற்குச் சட்டம் கொடுத்த விளக்கம்தான் கூர்மையானது. இடையிடையே வெளியே போயிருந்தால் குற்றமில்லை. ஆனால் எந்த ஒரு முறையும் அது 12 மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

முதல் பார்வைக்கு இது தாராளமாகத்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று மாதம் ஊருக்குப் போய் வந்தவரையும் சட்டம் வசித்தவராகவே கொள்கிறது. இந்த நியாயத்தை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் 12 மாதக் கோட்டை அந்தக் காலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 1946-க்கு முந்தைய ஏழு ஆண்டுகள் என்றால் 1939 முதல் 1945 வரை. அதாவது இரண்டாம் உலகப் போரின் காலம் முழுவதும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. நான்கு நாளில் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. கொழும்பிலிருந்த இந்தியர்கள் திரள் திரளாக ஊருக்குக் கிளம்பினார்கள். உயிருக்குப் பயந்து வந்தவர், கடல்வழி அடங்கும் வரை காத்திருந்து, ஓராண்டும் ஒரு மாதமும் கழித்துத் திரும்பியிருந்தால், இருபது ஆண்டாகக் கொழும்பில் கடை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவருடைய வசிப்பு அறுந்தது. குண்டுக்கு ஒதுங்கியவரையும், கடையை விற்றுக் கணக்கை முடித்து ஊரோடு போய்விட்டு மனம் மாறித் திரும்பியவரையும் நாட்காட்டி ஒரே வரிசையில் நிறுத்தியது.

இன்னொரு பக்கமும் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண் மணமானவராக இருந்தால், அவருடைய மனைவியும் அவரை நம்பியிருக்கும் சிறு பிள்ளைகளும்கூட இலங்கையில் இடைவிடாமல் வசித்தவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. தாய்வீட்டில் பேறுகாலம் பார்ப்பது நம் வழக்கம். கைக்குழந்தையோடு கடல் கடக்க வேண்டாமென்று பெரியவர்கள் தடுப்பது சாதாரணம். ஊரில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள மருமகள் தங்கிவிடுவதும் சாதாரணம். குடும்பத்தைக் காப்பாற்றும் இந்தக் கடமைகள் எல்லாம் விண்ணப்பப் படிவத்தில் குடும்பத் தலைவருக்கு எதிரான சாட்சிகளாக மாறின. வியாபாரிகளில் பலருக்குக் குடும்பம் ஊரிலேயே இருந்ததால், அவர்களுக்கு இந்த வாசல் திறக்கவே வழியில்லை. அவர்களுடைய வாழ்க்கை ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக வதிவிட அனுமதிக்குள் சுருங்கியது.

மூன்றாவது சங்கடம் சான்று பற்றியது. 1949-க்கு முன்பு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கமே இல்லை. முத்திரை இல்லாத காலத்துக்கு முத்திரை கேட்டது சட்டம். எப்போது போனாய், எப்போது வந்தாய் என்பதைத் தோட்டத்துச் செக்ரோலும் (தொழிலாளர் பதிவேடும்) கடைக் கணக்கும் பள்ளிச் சான்றும் சொல்ல வேண்டியிருந்தது. செக்ரோலில் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் வேறு மாதிரி என்றால் அதற்கும் விளக்கம் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு தவணை. 1951 ஆகஸ்டில் அது முடிந்தது. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். பல்லாண்டு விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் 12 மாதக் கோட்டில் விழுந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. வருமானம், ஆவணம், தாமதம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் இடைவிடா வசிப்பு என்ற நிபந்தனை அந்தச் சல்லடையின் முதன்மையான கண்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. சல்லடையில் தங்கியவர்களின் கதையை 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்களான லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் எண்களால் முடித்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. ஆள் எங்கே வேரூன்றியிருக்கிறார் என்ற கேள்வியை ஆள்கணக்கு விழுங்கிவிட்டது.

இந்தக் காலத்தில்தான் ‘கள்ளத்தோணி’ என்ற சொல் பரவியது. அனுமதியில்லாமல் படகேறி வந்தவரைக் குறித்த சொல், மெல்ல மெல்ல இந்தியத் தமிழர் யாரையும் ஏசும் சொல்லாக மாறியது. தோணி இந்தக் கரையின் நேர்மையான உழைப்புச் சின்னம். அதன் பெயரே வசவானது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டமும் இருந்தது. 1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடு, இலங்கையில் வயதுவந்தோர் பதிவேடு ஒன்று தயாரிக்கச் சொன்னது. அந்தப் பதிவு முடிந்த பிறகு அதில் பெயரில்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால், அவர் இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்தவர் என்று அனுமானித்துக்கொள்ளலாம் என்றது. இதில் இந்தியப் பிரதமரும் கையெழுத்திட்டார் என்பதை மறக்க வேண்டாம். நாட்கணக்கில் தோற்றவரைப் பிறகு நாவைக் கொண்டே அடையாளம் பிடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. ஏன் போனாய் என்று கேட்காத சட்டம், அடுத்த படியில் நீ யார் என்று கேட்கவும் தயங்குவதில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம் இலங்கையின் பக்கத்திலிருந்து வருவது. அதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. 1946 கணக்கெடுப்பில் அந்நாட்டில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர், நூற்றுக்குப் பன்னிரண்டு. புதிதாக விடுதலை பெறும் ஒரு சிறு நாடு, பக்கத்தில் ஒரு பெருநாடு, அங்கிருந்து வந்து சம்பாதித்துப் பணத்தை ஊருக்கு அனுப்பும் ஒரு கூட்டம். இவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தால் நம் நிலை என்ன என்ற அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல. எங்கள் நாட்டில் நிலைத்த அக்கறை உள்ளவருக்குத்தான் உரிமை என்று சொல்ல எந்த நாட்டுக்கும் நியாயம் உண்டு. நான் கேட்பது வேறு. நிலைத்த அக்கறையைக் கண்டுபிடிக்கத்தானே அளவுகோல்? அந்த அளவுகோல் கொழும்பில் மூன்று தலைமுறை உள்ளவரையும் மூன்று வருஷம் உள்ளவரையும் பிரித்துக் காட்டியிருந்தால் அதை அளவுகோல் எனலாம். அது குண்டுக்கு ஒதுங்கியவரையும் கணக்கை முடித்துப் போனவரையும் ஒன்றாகக் காட்டியது. பணம் அனுப்பினார்கள் என்பதும் அக்கறையின்மைக்குச் சான்றாகாது. வளைகுடா நாடுகளிலிருந்து இந்தக் கரைக்கு வரும் பணத்தை, அனுப்புகிறவரின் துரோகமாக அங்கே யாரும் பார்ப்பதில்லை.

நெடுநாள் இல்லாமையே கைவிட்டதற்கு அடையாளம் என்பது இரண்டாவது வாதம். சட்டத்தின் பழைய ஊற்றுகளிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. பறந்துபோய்த் திரும்பும் புறாவும் தேனீயும் யாருக்குச் சொந்தம் என்று ரோமானியச் சட்டம் கேட்டது. திரும்பி வரும் வழக்கம் இருக்கும் வரை அவை பழைய உடையவருக்கே சொந்தம். அந்த வழக்கம் அற்றால்தான் உடைமை அறும் என்பது ஜஸ்டினியன் சட்டத்தொகுப்பு சொன்ன பதில். எத்தனை நாள் பறந்தது என்று அது கேட்கவில்லை. இலங்கைத் தோட்டத் தமிழரை வந்துபோகும் பறவைகள் என்று பழித்தவர்கள், பறவையைப் பற்றிய இந்த நீதியைக் கவனிக்கவில்லை. நம் கடலிலிருந்தே இன்னொரு சான்று சொல்கிறேன். 1891-க்குப் பிறகு 1903 வரை மன்னாரின் இலங்கைப் பக்கப் பார்களில் சலாபமே நடக்கவில்லை. சிப்பி பெருகுவதும் அழிவதும் யார் கணக்குக்கும் அடங்காமல் இருந்ததால்தான், 1902-இல் விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்து, அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலோடு ஆராயச் சொன்னது இலங்கை அரசு. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் முத்துப்பாரின் மேல் தன் உரிமை அறுந்ததாக அரசு நினைத்ததா? இல்லை. சிப்பி இல்லாவிட்டாலும் பாரைப் பார்த்துவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. சிப்பியில்லாத ஆண்டிலும் பார் பார்தான் என்பது அரசின் நிலை. தன் உரிமைக்குப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியைப் பொறுத்த அரசு, குடியிருந்தவனின் உரிமைக்குப் பன்னிரண்டு மாதத்தைத்தான் பொறுத்தது.

நிரந்தரவாசம் ஒரு சலுகைதான், உரிமை அல்ல; அவ்வளவு பிடிப்பு உள்ளவர் குடிமகனாகவே ஆகிவிட வேண்டியதுதானே என்பது மூன்றாவது வாதம். இன்றைய நிலையில் நம்மவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அமெரிக்க கிரீன் கார்டு, சிங்கப்பூர் நிரந்தரவாசம், கனடா, ஆஸ்திரேலியா என்று இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிற நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஆகவே குடிமகனாக ஆகாமல் நிரந்தரவாசியாகவே இருப்பது பலருக்குச் சோம்பலோ தந்திரமோ அல்ல. ஒரு பற்றை அறுத்துக்கொள்ள மனம் வராத நிலை. வரி கட்டி, சட்டத்துக்குப் பணிந்து, பிள்ளைகளை அங்கே படிக்க வைத்து வாழும் ஒருவருக்கு ‘நிரந்தரம்’ என்று எழுதிக் கொடுத்த பிறகு, அந்தச் சொல்லுக்கு ஓரளவாவது பொருள் இருக்க வேண்டும். சலுகையாகவே இருக்கட்டும், கொடுத்த சலுகையைப் பறிக்கும் முன் காரணம் கேட்பது குறைந்தபட்ச மரியாதை.

உலக நாடுகள் இன்று இதில் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால், நாட்காட்டியும் காரணமும் கலந்தே நிற்கின்றன. கனடாவில் ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். கனடியக் குடிமகனான கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் இருந்த நாளும் அதில் சேரும். குறைந்தாலும் மனிதாபிமானக் காரணங்களைச் சொல்ல இடமுண்டு. பிரிட்டனில் தொடர்ந்து 2 ஆண்டு வெளியே இருந்தால் நிரந்தரவாசம் அறும். ஆனால் அந்நாட்டோடு வலுவான பிணைப்பைக் காட்டித் திரும்பும் குடியிருப்பாளர் என்று விசா கேட்கலாம். சிங்கப்பூரில் மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்கும் வரைதான் வெளியே போன நிரந்தரவாசிக்குப் பாதுகாப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரண வதிவிட விசாவுக்கு 180 நாள்தான் எல்லை. 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது அவர்களே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்கப்போகிறவர், புறப்படும் முன் அந்நாட்டில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது பெரும்பாலும் 2 ஆண்டுக்குக் கிடைக்கும். அது இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர், தூதரகத்தில் திரும்பும் குடியிருப்பாளர் விசா கேட்கலாம். அங்கே அவர் மூன்றைக் காட்ட வேண்டும்: புறப்பட்டபோது நிரந்தரவாசியாக இருந்தார், திரும்பும் எண்ணத்தோடு போனார், நெடுநாள் தங்கியது தன் கைமீறிய காரணத்தால். இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நம்மவர்களுக்கு நடைமுறைப் பயனும் தரும். தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஓடிவருகிறவர் மருத்துவமனைச் சீட்டு, விமானச் சீட்டு, அங்கே கட்டிய வரி, வாடகை, வேலைக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துவைக்க வேண்டும்.

அந்த மூன்று நிபந்தனையும் என் வாதத்துக்கு முக்கியமானவை: நாளை எண்ணுவதோடு நிற்காமல் அவை காரணத்தையும் பார்க்கின்றன. இதற்கு எதிராகவும் ஒன்று சொல்வார்கள். கோடு தெளிவாக இருந்தால்தான் நிர்வாகம் நடக்கும். அதிகாரி ஒவ்வொருவரின் மனத்தையும் கிளறிக்கொண்டிருக்க முடியாது. கோட்டைத் தளர்த்தினால் இலஞ்சத்துக்கும் பாரபட்சத்துக்கும் இடம் வரும் என்பது நான்காவது வாதம். எதிர்வாதங்களில் இதுதான் வலுவானது. நாட்காட்டிக்கு ஒரு நேர்மை உண்டு. அது ஆள் பார்த்துப் பேசாது. அதிகாரியின் மனம் ஆள் பார்க்கும். ஆகவே கோட்டை அழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோட்டின் வேலையை மாற்றுங்கள் என்கிறேன். 12 மாதமோ 2 ஆண்டோ, ஒரு கோடு இருக்கட்டும். அதைத் தாண்டாதவரை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். தாண்டியவரிடம் காரணம் கேளுங்கள். சான்று காட்டும் பொறுப்பை அவர்மேல் வையுங்கள். கோடு தாண்டுவதை விசாரணையின் தொடக்கமாக வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். எவையெல்லாம் ஏற்கத்தக்க காரணம் என்று போர், நோய், பேறுகாலம், வழிகள் அடைபட்டது, பிள்ளையாக இருந்தபோது பெற்றோர் எடுத்த முடிவு என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் அதிகாரியின் மனப்போக்குக்கு இடம் குறையும். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும், மேல்முறையீடு இருக்கட்டும். வசதிக்காக நிரந்தரவாச அட்டையை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு வாரம் தலைகாட்டிப் போகிறவர்களை இதே விசாரணை எளிதில் பிடித்துவிடும். ஏனென்றால் அவர்களுக்கு 12 மாதக் கணக்கில் குறையே இராது. வரத்துப்போக்கில்தான் குறை இருக்கும். நாட்காட்டி மட்டும் இருந்தால் தப்பிப்பவர்கள் அவர்கள்தான். மாட்டிக்கொள்கிறவர்கள் வேரூன்றி வாழ்ந்து, ஒரு துன்பத்தால் ஒரு முறை தவறியவர்கள்.

இலங்கையைக் குறை சொல்லும்போது நம் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, 1947 மார்ச் 1-க்குப் பிறகு பாகிஸ்தான் எல்லைக்குப் போய்விட்டவர் இந்தியக் குடிமகன் அல்ல என்றது. நிரந்தரமாகத் திரும்பி வருவதற்கென அனுமதிச் சீட்டுப் பெற்று வந்தவருக்கு மட்டும் அது விலக்குத் தந்தது. பிரிவினைக் கலவரத்தில் உயிருக்குப் பயந்து ஓடியவருக்கும் இதே விதி. 1948 ஜூலையில் தொடங்கிய அந்த அனுமதிச் சீட்டு முறையில் எத்தனையோ குடும்பங்கள் வாசலில் நின்றன. அதே அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள தூதரகத்திலேயே குடிமகனாகப் பதிந்துகொள்ள வழி வைத்தது. பிற்காலத்தில் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கென ஓசிஐ அட்டை வந்தபோது, வாழ்நாள் முழுவதும் செல்லும் விசாவைக் கொடுத்து, வருஷத்தில் இத்தனை நாள் இங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கே கேட்கவில்லை. ஆக, ஓடியவரிடம் கெடுபிடியும் ஓங்கியவரிடம் தாராளமும் காட்டியிருக்கிறோம். நாள் எண்ணாமலும் ஒரு நாடு நடக்கும் என்பதை ஓசிஐ காட்டிவிட்டது. அந்தத் தாராளம் ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பதே மிச்சமுள்ள வேலை.

கடைசியாக ஒரு சான்று. அது இலங்கையின் சட்டப் புத்தகத்திலிருந்தே வருகிறது. 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவரும் அவருடைய வழித்தோன்றல்களும் பிரஜாவுரிமை பெறலாம் என்றது அது. பல்லாண்டுக் கட்டு அவிழ்ந்தது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி இந்தியாவுக்கு வந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிவிட்ட மலையகத் தமிழர்கள் ‘நிரந்தரமாக வசித்து வருபவர்’ என்ற சொல்லுக்குள் வரவில்லை. 1942-இல் குண்டுக்கு ஒதுங்கியவர்களின் கதை மறுபடி நடந்தது. இந்த முறை அந்த நாடாளுமன்றம் வேறு விதமாக நடந்துகொண்டது. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, போர் காரணமாக வெளியேறி இந்தியாவில் இருப்பவர்களுக்கு அந்த வசிப்பு நிபந்தனையைத் தளர்த்தியது. அதனால் முகாம் வாசல் அடுத்த நாளே திறந்துவிடவில்லை. காகிதமும் காலமும் இன்னும் குறுக்கே நிற்கின்றன. ஆனால் கொள்கையில் ஒன்று மாறிவிட்டது. 1949-இல் எத்தனை மாதம் போயிருந்தாய் என்று கேட்ட அதே நாடாளுமன்றம், அறுபது ஆண்டு கழித்து ஏன் போனாய் என்று கேட்டது. அந்த ஒரு கேள்வியை அறுபது ஆண்டுக்கு முன்பே கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்களின் வரத்துப்போக்கு அறாமல் இருந்திருக்கும் என்பதை, கொழும்பில் கடை வைத்திருந்த ஊரைச் சேர்ந்த உங்களுக்கு நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.